ஜூன் மூன்றாம் தேதி கூட இருந்தவர்

ஜூன் 3

பதினொரு பேரையும் குஞ்சு பொரிப்பகத்தில் சேர்த்துவிட்டு வர நாலரை ஆகிவிட்டது. கால் கடுக்கிறது.

பதினொரு பேரும் அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள். பத்துப் பேர் விதவைகள். துளசிமணி ஒருத்திதான் கணவனால் கைவிடப்பட்டவள் என்ற கணக்கில் வருகிறாள். எங்கள் அமைப்பு இவர்களுக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்து வேலையில் வைக்கிறது. வைத்த பிறகு முப்பதாம் நாள், அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள் போய்ப் பார்த்து, இருக்கிறார்களா நின்றுவிட்டார்களா என்று படிவத்தில் நிரப்புவது என் பொறுப்பு. தொண்ணூறு நாள் தாண்டினால் வெற்றி. வேலைக்குப் போனாலும் ஒரு வருடத்துக்கு உதவித்தொகை நிற்காது என்பது திட்டத்தின் வாக்குறுதி. அதை ஊர் ஊராகச் சொல்லி இவர்களை அழைத்து வந்தவளும் நான்தான்.

பொரிப்பகத்து எச்.ஆர். பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். இ.எஸ்.ஐ. படிவத்தை வாசலில் மேசை போட்டு வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக் கேட்டாள். பின்னால் ஜெனரேட்டர் ஓடியது. வேனில் குஞ்சுப் பெட்டி ஏற்றுகிற ஆண்கள் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதவைகளுக்குச் சிக்கல் இல்லை. இறந்துவிட்டார் என்றால் அடுத்த கேள்வி கிடையாது.

துளசிமணி முறை வந்தது.

"வீட்டுக்காரர் பேரு?"

"குழந்தவேலுங்."

"உயிரோட இருக்காரா?"

"இருக்காருங்."

"கூட இருக்காரா?"

வேன் பக்கமிருந்து ஒருத்தன், "இல்லைன்னா நாங்க இருக்கறமுங்க" என்றான். சிரித்தார்கள். துளசிமணி என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: "கூட இருக்கார்னு போட்டுக்கம்மா. இன்சூரன்சுக்குத்தானே."

எச்.ஆர். பெண் டிக் அடித்து, படிவத்தைக் கையெழுத்துக்குத் திருப்பி வைத்தாள். துளசிமணி போட்டாள். வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மானத்தக் காப்பாத்திப்போட்டீங் மேடம்" என்றாள்.

ஒரு டிக். என் இ.எஸ்.ஐ. அட்டையிலும் அந்தக் கட்டத்தில் டிக்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அகமதாபாத்தில் இருக்கிறார். கூட இருப்பது என்றால் ஒரே கூரைக்குக் கீழே என்று அந்தப் படிவத்தில் எங்கும் அச்சடிக்கவில்லை.

ஜூன் 5

சிலிண்டர் வந்தது. ஓ.டி.பி. இவர் எண்ணுக்குப் போகிறது. அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. சிலிண்டர்காரருக்குப் பழகிவிட்டது, கேட்காமலே இறக்கிவிட்டுப் போகிறார்.

ஜூன் 19

நிரஞ்சனா விடுதியிலிருந்து பேசினாள். கல்லூரியில் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒரு படிவம் கேட்கிறார்களாம். அப்பா வெளியூரில் வேலை, வர முடியாது என்று சொல் என்றேன்.

"எத்தன வருஷம்மா இதையே சொல்றது? ஹாஸ்டல் வார்டன் சிரிக்கறாங்க."

"சிரிக்க என்ன இருக்கு? வெளியூர்ல வேலை பாக்கறது தப்பா?"

"சரிம்மா. வெக்கறேன்."

படிவத்தைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இவர் கையெழுத்து எனக்கு வரும்.

ஜூலை 3

முப்பதாம் நாள். பொரிப்பகத்துக்குப் போனேன். உள்ளே விட மாட்டார்கள். நோய்த் தொற்று பயம். பெண்கள் காலையில் அங்கேயே குளித்து, அவர்கள் தருகிற உடையும் பூட்ஸும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தோடு, வளையல் எல்லாம் வெளியே. தாலி மட்டும் அனுமதி. சாப்பாட்டு நேரத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லார் மீதும் மருந்து நெடி. கண் சிவந்திருக்கிறது.

துளசிமணி மட்டும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஊட்ல ஒருக்கா, இங்க ஒருக்கா, கல்யாணப்பொண்ணாட்ட குளிச்சுட்டே இருக்கறனுங் மேடம்."

"வேலை எப்படி?"

"குஞ்சப் புடிச்சு, நல்லது ஒரு பக்கம், நோஞ்சான் ஒரு பக்கம் போடோணும். நோஞ்சான என்ன பண்றாங்கன்னு கேக்காதீங். மொத வாரம் எனக்குச் சோறு எறங்கல. இப்ப எறங்குதுங்."

"தொண்ணூறு நாள் இருந்துருவீங்கல்ல?"

"உங்களுக்குத் தொண்ணூறு நாளுங். எம்பட புள்ள பத்தாவது முடிக்க மூணு வருசமிருக்குதல்லொ."

மகள் கீர்த்தனா எட்டாவது படிக்கிறாள். குழந்தைவேல் லாரியோடு பாலக்காட்டுப் பக்கம் போய் ஒன்பது வருடம். அங்கே இன்னொரு குடும்பம் இருப்பதாகக் கேள்வி. கைவிடப்பட்டதற்குச் சான்றிதழ் வாங்க இவள் இரண்டு வருடம் அலைந்திருக்கிறாள். பயிற்சியின்போது அதை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினாள். பட்டம் வாங்கியவள் காட்டுவதுபோல.

"இது இருக்கறவரைக்கும் பொரிப்பகம் நின்னாலும் நானு நிப்பனுங்" என்றாள் அன்றைக்கு.

ஜூலை 16

மிக்ஸி ஜாரின் அடியில் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 2

அறுபதாம் நாள். பதினொரு பேரும் இருக்கிறார்கள். திட்ட ஒருங்கிணைப்பாளர் ஜெயசீலன் சாருக்குத் தகவல் சொன்னதும் கட்டைவிரல் படம் மூன்று அனுப்பினார். அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. செப்டம்பரில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அவர்தான் எழுத வேண்டும்.

துளசிமணி தனியாக அழைத்துச் சொன்னாள், இரண்டு மாதமாக உதவித்தொகை வரவில்லையாம். வங்கியில் கேட்டாளாம். மேலே இருந்தே வரவில்லை என்றார்களாம்.

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கெல்லாம் வந்துருச்சுங். எனக்கு மட்டுந்தான்."

ஏதாவது ஆதார் சிக்கலாக இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. காலையில் குளித்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு விமலாதான் முடிச்சுப் போட்டுவிட்டார். "அண்ணன் இந்த வருசம் தீபாவளிக்காச்சும் வருவாங்களா?" என்று கேட்டார். லீவு கிடைப்பதைப் பொறுத்து என்றேன். ரவிக்கையில் மஞ்சள் பட்டுவிட்டது. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 6

தாலுகா அலுவலகம் போனேன். சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு எழுத்தர் கணினியைத் திருப்பிக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த பயனாளிகளின் பட்டியலை இ.எஸ்.ஐ. விவரங்களோடு நாங்களே அனுப்பியிருக்கிறோம். நாங்களே என்றால், நான். ஜூன் இரண்டாம் வாரம் எக்செல் தாளாக அனுப்பினேன். அதில் குடும்ப உறுப்பினர் என்ற பத்தியில் துளசிமணிக்கு நேரே: கணவர், உடன் வசிக்கிறார், ஆம்.

"வேலைக்குப் போனா தொகை நிக்காதுங்க மேடம், அது ஆர்டர்ல இருக்கு" என்றார் எழுத்தர். "ஆனா வீட்டுக்காரர் கூட இருந்தா அவங்க கைவிடப்பட்டவங்களே இல்லையே. அது வேற."

"அது தப்பா விழுந்த டிக்குங்க."

"அப்ப விசாரணைல சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஆர்.ஐ. வீட்டுக்கு வருவாரு."

வரும் வழியில் மிக்ஸி வாஷர் வாங்கினேன். அளவு தப்பு.

ஆகஸ்ட் 9

துளசிமணி வீடு. ஒற்றை அறை, முன்னால் சிமென்ட் ஷீட் இறக்கியது. வருவாய் ஆய்வாளர் வந்தார். பொல்லாதவர் இல்லை. களைத்தவர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆணின் துணி ஏதும் கொடியில் இருக்கிறதா என்று பார்த்தார். சவர சாமான் இருக்கிறதா என்று பார்த்தார். எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருவரிடம் கேட்டார். ஒன்பது வருடமாகப் பார்க்கவில்லை என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அவர் துளசிமணியின் கழுத்தைப் பார்த்தார்.

"கயிறு புதுசா இருக்குதே."

"ஆடிப் பதினெட்டுங்களே சார். மாத்துனேன்."

"விட்டுட்டுப் போனவனுக்கா?"

"எனக்குங்."

அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, நான் என்னன்னு எழுதட்டும்? பாரத்துல கூட இருக்கார்னு டிக். கழுத்துல ஆறு நாள் முந்திக் கட்டுன கயிறு. மேல இருக்கறவங்க என்ன கேப்பாங்க?"

"கழட்டி வெச்சாத்தான் தருவாங்களா சார்? வெறுங்கழுத்தோட பஸ்ஸேறுனா எவன் எங்க இடிப்பான்னு உங்க ஊட்டுல பொம்பளைங்களக் கேட்டுப் பாருங்."

அவர் வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளோடு சுற்றிக்கொண்டேன். வெயில் கடுமையாக இருந்தது.

ஆகஸ்ட் 10

அலுவலகம் போகவில்லை. போர்வைகள் எல்லாம் துவைத்தேன்.

ஆகஸ்ட் 13

ஜெயசீலன் சார் கூப்பிட்டார். இருபதாம் தேதி தாசில்தார் முன் விசாரணை, துளசிமணியும் நானும் ஆஜராக வேண்டும், அவரும் வருவாராம்.

"பிரமிளா மேடம், நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததைச் சொல்றேன் சார். அவங்க சொல்லல, நான் சொன்னேன்னு."

"சொல்லலாம். பயனாளி சார்பா நம்ம ஸ்டாஃப் பொய்த் தகவல் கொடுத்தாங்கன்னு பதிவாகும். அடுத்த வருஷ ஃபண்டு வராது. ஏன் கொடுத்தீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"அவங்களுக்குக் கூச்சமா இருந்துச்சு."

"அவங்க கூச்சம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க வாயத் தொறக்கலைன்னு நீங்கதான சொல்றீங்க?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"உங்க கான்ட்ராக்ட் ஃபைல் இன்னும் என் டேபிள்லதான் இருக்கு. மிரட்டலைங்க. ஞாபகப்படுத்தறேன்" என்றார்.

மிரட்டினாலாவது கோபப்பட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 19

நாளைக்குக் கட்ட நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்று வரிதான். 'அந்தத் தகவலைச் சொன்னது நான். அவர் சொல்லவில்லை. அவருடைய கணவர் ஒன்பது ஆண்டுகளாக அவருடன் இல்லை.' உரக்கப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

ஆகஸ்ட் 20

தாசில்தார் ஒரு பெண். என் வயது இருக்கும். மேசைமேல் கோப்புகளுக்கு நடுவில் டிபன் பாக்ஸ், திறக்கப்படாமல். துளசிமணி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். கீர்த்தனாவின் பள்ளிப் பையில் எல்லாக் காகிதங்களும். அந்த லேமினேட் சான்றிதழும்.

முதலில் எச்.ஆர். பெண்ணிடம் போனில், ஸ்பீக்கரில் கேட்டார். "சொன்னதத்தான் மேடம் எழுதினேன். அவங்க கையெழுத்து இருக்கு" என்றாள் அவள்.

பிறகு என்னிடம்.

"நீங்க எம்.ஏ. படிச்சவங்க. இப்படி ஒரு தகவல் போனா என்ன ஆகும்னு தெரியாதா? சொன்னது யாரு, நீங்களா அவங்களா?"

"நான் பக்கத்துல இருந்தேன் மேடம்."

"இருந்தீங்க. சொன்னது யாரு? நீங்கன்னா, ஏன்? எந்தத் தைரியத்துல இன்னொருத்தி புருஷனக் கொண்டாந்து அவ வீட்ல உக்கார வெச்சீங்க? உங்களுக்கு ஒரு நியாயம் இருக்குமில்ல, அதச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

ஜெயசீலன் சார் என் இடப்பக்கம். எழுத்தர் எதிரில். கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சில் நாலைந்து பேர். நியாயத்தைச் சொல்லத் தொடங்கினால் அது துளசிமணியில் தொடங்காது.

"அவங்க தலையாட்டினாங்க மேடம்" என்றேன்.

தாசில்தார் துளசிமணியைப் பார்த்தார். "ஆட்டுனியாம்மா?"

துளசிமணி என்னைப் பார்த்தாள். வெகுநேரம் எல்லாம் இல்லை.

"மேடம் சொல்றாங்கன்னா ஆட்டியிருப்பனுங்" என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 21

தலையாட்டியிருக்கலாம். ஜெனரேட்டர் சத்தம், வேன்காரர்கள் சிரிப்பு. அந்த இடத்தில் யார் எதைக் கவனித்தார்கள்? மனிதர்கள் தங்களுக்குத் தெரியாமலே தலையாட்டுவார்கள். கையெழுத்துப் போட்டாளே, அது சம்மதம்தானே.

ஜூன் மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்ன எழுதினேன் என்று தெரியும்.

ஆகஸ்ட் 22

தலைவலி.

செப்டம்பர் 1

தொண்ணூறாம் நாள், ஞாயிறு. பொரிப்பகத்துக்கு ஞாயிறு கிடையாது. பதினொன்றுக்குப் பதினொன்று. மாவட்டத்திலேயே எங்கள் குழுவுக்குத்தான் முழு எண்ணிக்கை. படிவத்தில் துளசிமணி பெயருக்கு நேரே 'பணியில் தொடர்கிறார், நிறைவாக உள்ளார்' என்று நிரப்பினேன். நிறைவாக என்பதைத் தவிர்க்க முடியாது. தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மூன்றுதான் இருக்கின்றன. நிறைவு, மிக நிறைவு, பதில் இல்லை.

அவள் வேலிக்கு வரவில்லை. சாப்பாட்டுக் கொட்டகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் போய்க் கூப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். பதில் இல்லை என்றுதான் போட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 6

என் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. நிரஞ்சனாவிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

செப்டம்பர் 12

பொரிப்பகத்தில் தீவன விலையேற்றம், குஞ்சுக்குக் கிராக்கி இல்லை என்று பதினொரு பேரில் ஏழு பேரை நிறுத்திவிட்டார்கள். தொண்ணூறு நாள் வைத்திருந்தால் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. அது ஐந்தாம் தேதியே வந்துவிட்டதாம். நிறுத்தப்பட்டவர்களில் துளசிமணியும் ஒருத்தி. ஜெயசீலன் சாருக்குச் சொன்னேன். "தொண்ணூறுக்கு அப்புறம்தான மேடம்? நம்ம கணக்குல வராது" என்றார்.

மற்ற ஆறு பேருக்கும் உதவித்தொகை இருக்கிறது.

செப்டம்பர் 17

தாலுகா அலுவலகத்தில் ஆணை தயார். நகலை நான் வாங்கினேன். அவளுடைய உதவித்தொகை ரத்து. சான்றிதழும் ரத்து.

மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று எழுத்தரிடம் கேட்டேன்.

"தாராளமா. ஆனா கைவிட்டு அஞ்சு வருசம் ஆகியிருக்கணுமில்லீங்க?"

"ஒன்பது வருஷம் ஆச்சே."

"அது பழைய கணக்கு. ஜூன் மூணாம் தேதி கூட இருந்தார்னு இப்ப ரெக்கார்டு இருக்கு. அதுக்கப்புறம் போனாருன்னு மனு கொடுத்தாங்கன்னா, அன்னிக்கிருந்து அஞ்சு வருசம். சீக்கிரம் கொடுக்கச் சொல்லுங்க. தள்ளித் தள்ளிக் கொடுத்தா அவங்களுக்குத்தான் நஷ்டம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. உதவியாகத்தான் சொன்னார். ஒன்பது வருடமாக எட்டிப்பார்க்காதவன், அரசாங்கப் பதிவேட்டின்படி ஜூன் மூன்றாம் தேதி அந்த ஒற்றை அறையில் அவளோடு குடியிருந்திருக்கிறான். கீர்த்தனா பள்ளி முடித்து வெளியே வந்த பிறகும் அவள் காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். சொன்னேன். பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

"திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்கல்லொ?" என்றாள்.

"ஆமா."

"வந்துருங்."

அவ்வளவுதான்.

செப்டம்பர் 23

திங்கட்கிழமை. கலெக்டர் அலுவலக வளாகம் முழுக்க ஜனம். மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துளசிமணி எனக்கு முன்பே வந்திருந்தாள். நல்ல புடவை. கயிறு வெளியே தெரிய இருந்தது, மறைக்கவில்லை. வணக்கம் என்றாள். கோபம் எதுவும் காட்டவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"துளசி, அன்னிக்கு நான் வந்து…"

"அது கெடக்குதுங். எழுதுங்."

"அவங்ககிட்டக் குடுத்தா சரியா எழுதுவாங்க. ஃபார்மாட் தெரியும்."

"வேண்டாமுங். நீங்கதான எனக்கு ஆரம்பத்துலருந்து எழுதறீங். நீங்களே எழுதுங்."

மனு வாங்கும் கூடத்தின் வராந்தாவிலேயே, வரிசையில் நின்றபடி, கீர்த்தனாவின் பள்ளிப் பையை அட்டையாக வைத்துக்கொண்டு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், ஐயா. அவள் சொல்லச் சொல்ல எழுத்துத் தமிழாக மாற்றி எழுதினேன். அவளுக்காக 'நான்', 'என்' என்று தன்மையில் எழுத வேண்டும், மனு என்றால் அப்படித்தான். பத்து வரி. கை வியர்த்து இரண்டு இடத்தில் மை இழுத்துவிட்டது.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது. கையெழுத்துப் போடுங்க."

"படிச்சுக் காட்டுங்."

"நீங்க படிப்பீங்களே, துளசி."

"கண்ணாடி கொண்டுவரலீங். அந்த மருந்து நெடில கண்ணு மங்கலாப் போச்சு. படிங்."

மெதுவாகப் படிக்கத் தொடங்கினேன்.

"கேக்கலீங். இங்க எத்தன சத்தம். அன்னிக்கு அந்த ஜெனரேட்டர் ஓடறப்பவே உங்க பேச்சுக் கேட்டுச்சல்லொ, அந்தாட்ட படிங்."

வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பினார். அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். பக்கத்து வரிசையில் பஞ்சாயத்துக்காரர்கள்போல் நாலு பேர். தடுப்புக் கம்பிக்கு அருகில் காவலர் ஒருவர்.

"என் கணவர்…" என்றேன். இருமிவிட்டு மீண்டும் தொடங்கினேன்.

"மெதுவா. அவசரமில்லீங்" என்றாள் துளசிமணி. உண்மையிலேயே மெதுவாகத்தான் சொன்னாள், பிள்ளைக்குச் சொல்வதுபோல.

படித்தேன். உரக்கவே படித்தேன். "என் கணவர் என்னையும் என் மகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார். அவரிடமிருந்து எனக்கு எந்தத் தகவலும் இல்லை. அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை."

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை. கைக்குழந்தைக்காரி என் கழுத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பெரியவர் நகர்ந்து, "நீங்க முன்னாடி போங்கம்மா, பாவம்" என்று எனக்கு இடம் விட்டார்.

இல்லை, மனு என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். துளசிமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

கையெழுத்து மட்டும் அவள் போட்டாள்.